அருவிக்குப் போகிறவர்களின் பட்டியல்

பட்டியலில் ஒன்பது பெயர்கள் இருந்தன. சாரங்கா இரண்டாம் முறையும் எண்ணினாள். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர், வான் ஓட்டுகிறவர் ஒருவர், மிச்சம் மூன்று பேர் இந்த வீட்டார்: அம்மா கமலாசனி, அண்ணன் கிருசாந்தன், தங்கை பிரியந்தினி. தர்மபுரத்தில் இந்த வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள் என்பது பக்கத்து வளவுக் கோழிக்குக்கூடத் தெரியும். தெரியாதவர்கள் வவுனியாவில்தான் இருந்தார்கள்.

"வாசியன் பிள்ளை. ஏன் நிப்பாட்டிப்போட்டாய்?" என்றாள் அம்மா, குசினிக்குள் இருந்தபடி.

அம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்த நாளிலிருந்து போனில் வருவதையெல்லாம் சாரங்காதான் அம்மாவுக்கு வாசித்துச் சொல்லுவாள். தன்னை விட்டுவிட்டுப் போட்ட பட்டியலைத் தானே சத்தமாக வாசிக்கும் பாக்கியம் அவளுக்கு அப்படித்தான் வாய்த்தது.

இந்த வீட்டுக்கு இன்றுதான் முதன்முதலாக வருகிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகப்பன் யோகநாதன் இறந்து நான்கு வருடமாகிறது. மூத்தவன் கிருசாந்தனுக்கு முப்பத்திரண்டு வயது. தங்கைகளைக் கரைசேர்க்காமல் தான் மாலை மாற்றக்கூடாது என்று இருக்கிறான்; அந்த நல்ல குணத்தை அவர்களுக்கு ஒரு நாளும் மறக்க விடுவதில்லை. நடுவில் சாரங்கா. ஒன்பது வயதில், கடைசி யுத்தத்தில், இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் அளவெடுத்துப் பூட்டிய காலோடு வயலும் வீடும் பார்க்கிறாள். கடைக்குட்டி பிரியந்தினி, வவுனியாவில் படிக்கப் போன இடத்தில் நிஷாந்தனோடு பழகினாள். இரு வீட்டாரும் பேசி முற்றாக்கி, அடுத்த மாதம் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, என்று நாளும் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலில் வந்த அன்று சாரங்காவைப் புளியங்குளத்து அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். போன கிழமை அங்கிருந்து திரும்பியவள் அன்றிரவு ஒரு முடிவோடு படுத்தாள். அடுத்த தடவை தன்னை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது.

அந்த அடுத்த தடவை இந்தச் சனிக்கிழமை. மாத்தளைக்கு அங்கால் மலைக்காட்டில் ஒரு பகல் நடை. நாலு கிலோமீற்றர் ஏற்ற இறக்கம், வழியில் மூன்று நீர்வீழ்ச்சிகள். யோசனை நிஷாந்தனின் அக்கா தேனுகாவுடையது. அவள் ஆசிரியை, திட்டமும் பாட நேரசூசி மாதிரியே வந்திருந்தது. அதிகாலை மூன்றரைக்குத் தர்மபுரத்தில் வான். ஐந்தரைக்கு வவுனியா. ஒன்பதரைக்கு மலையடிவாரம். மத்தியானச் சாப்பாடு இரண்டாவது அருவியடியில். காட்டுக்குள் பொலித்தீன் கொண்டுபோகக் கூடாது, வாழையிலையில் கட்டவேண்டும். அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும். முழங்கால் வரைக்கும் சொக்ஸ். வழுக்காத சப்பாத்து.

எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டுச் சாரங்கா கேட்டாள்: "என்ர பேர் எங்கையம்மா?"

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. பெயர்களைக் கொடுத்தது கொண்ணன் கிருசாந்தன், அவனைத்தான் கேட்கவேண்டும் என்றாள். பிறகு, மலையில் ஏறி விழுந்தால் ஆர் தூக்குவது என்றாள். பிறகு, வீட்டில் ஒரு ஆள் நிற்கத்தானே வேணும் என்றாள். ஒரு கேள்விக்கு மூன்று பதில் வந்தால் அதில் ஒன்றும் உண்மையில்லை என்று சாரங்காவுக்குத் தெரியும். போனை மேசையில் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டாள்.

வழியில் பிரியந்தினி புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்து பழகிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் குனிந்து கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். கிழமைக்கு ஒரு நாள் ஒரு காணிக்கு. அன்றைக்கு வயலில் ஆள் நின்று வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பவேண்டும். ஆள் இல்லாவிட்டால் தண்ணீர் அடுத்த காணிக்குப் போய்விடும், அடுத்த முறைக்கு ஒரு கிழமை காத்திருக்கவேண்டும். யோகநாதன் வீட்டு முறை வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பக்கத்துக் காணி அப்புத்துரையுடையது. இது இரண்டு வருடமாக மாறாத ஒழுங்கு.

அப்புத்துரை வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை விடிய வரம்பு வெட்ட வருவதாகச் சாரங்கா சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளி என்ர முறையல்லோ பிள்ளை. கொண்ணன் நேற்று வந்து மாத்திப்போட்டுப் போனவன். சனிக்கிழமை தாங்கள் எல்லாரும் பயணமாம், நீ வீட்டில சும்மாதான் நிப்பியாம், தண்ணி கட்ட வசதி எண்டான்."

சாரங்காவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பிறகுதான் கோபம் வந்தது, அதுவும் நெஞ்சுக்குள் நின்று காந்தியது. வராதே என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாத அண்ணன், வயலைக் கொண்டு அவளைக் கட்டிப்போடப் பார்த்திருக்கிறான். தண்ணீர் முறையை விட்டுவிட்டு அவள் எங்கேயும் போகமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அந்த நெல் அவள் விதைத்தது.

"மாத்தினதைத் திருப்பி மாத்திவிடுங்கோ மாமா. எங்களுக்கு வெள்ளிதான்."

அவர் இழுத்தார். கிருசாந்தனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்றார்.

"காணிப் பெர்மிட்டில அப்பாவுக்குப் பிறகு என்ர பேர்தான் கிடக்கு. என்னைக் கேட்டால் காணும்."

அது அப்புத்துரைக்கும் தெரிந்த விஷயம். அண்ணனுக்கு இவள்மேல் இருக்கும் காய்ச்சலில் பாதி அதனால்தான் என்பதும் தெரியும். அவர் தலையாட்டினார்.

மத்தியானம் கிருசாந்தன் உழவு இயந்திரத்தை வேம்படியில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தான். சாரங்கா அவன் கோப்பையில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவன் முதல் கவளத்தை வாயில் வைக்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, முறையை வெள்ளிக்கே மாற்றிவிட்டதாகச் சொன்னாள்.

அவன் மென்று விழுங்கினான். அவளைப் பார்க்கவில்லை.

"மலை ஏற ரெண்டு கால் வேணும்," என்றான்.

"குளக்கட்டில தினமும் மூண்டு கிலோமீற்றர் நடக்கிறன். நீங்கள் சந்திக் கடைக்குப் போறதுக்கும் மோட்டார்சைக்கிள் எடுக்கிறீங்கள். பாப்பம், ஆர் முதல் களைக்கிறது எண்டு."

"அது காடு. பாசி பிடிச்ச கல்லு. அட்டை."

"அட்டை கடிச்சாலும் எனக்குப் பாதிதானே அண்ணா."

குசினி வாசலில் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கிருசாந்தன் சிரிக்கவில்லை. கோப்பையைத் தள்ளிவைத்தான். சோறு பாதிக்கு மேல் இருந்தது.

அதற்குப் பிறகு அவன் சொன்னவற்றை அப்படியே எழுத எனக்கு விருப்பமில்லை. பொதுவாகச் சொன்னால், மாப்பிள்ளை வீட்டார் மூத்த பெண்பிள்ளையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை, தாங்களும் சொல்லவில்லை என்பது அவன் வாதம். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுவது மடையன் வேலை. எழுத்து முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லலாம்.

"எழுத்து முடிய நான் எங்கயிருந்து வருவன்? நிலத்தில இருந்து முளைப்பனோ?"

"உனக்குப் பார்த்த நாலு இடமும் தட்டுப்பட்ட பிறகுதான் இவளின்ர விசயத்தைப் பேசத் தொடங்கினனாங்கள். அதையும் குழப்பாதை. உன்னாலதான் நானும் முப்பத்திரண்டு வயசில குந்திக்கொண்டு இருக்கிறன்."

இவ்வளவு நாளும் அவன் முகத்தில் மட்டும் இருந்தது இன்றைக்கு வாய்க்கு வந்துவிட்டது. சாரங்கா எழும்பவில்லை. அவன் தள்ளிவைத்த கோப்பையைத் திரும்பவும் அவன் முன்னால் நகர்த்தினாள்.

"என்ர காலை நான் வித்தே திண்டனான்?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. "சனிக்கிழமை மூண்டரைக்கு நான் கேற்றடியில நிப்பன். ஏத்தாமல் போறதெண்டால் வான்காரனுக்கும் காரணம் சொல்லிப்போட்டுப் போங்கோ."

கிருசாந்தன் கை கழுவாமலே வெளியே போனான். உழவு இயந்திரம் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அம்மா அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மகளுக்கும் ஒரு வார்த்தை இல்லை, மகனுக்கும் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் கடைசியில் பலமான பக்கத்துக்குத்தான் உதவுகிறார்கள். அம்மாவைக் குறை சொல்லக் கூடாது என்று சாரங்கா பலமுறை தனக்குத்தானே சொல்லியிருக்கிறாள். இன்றைக்குச் சொல்லவில்லை.

இந்த நிலைமை சனிக்கிழமை வரைக்கும் நீடித்திருந்தால் அவள் போயே இருப்பாள். அண்ணனின் கோபத்துக்கு அவள் பயந்தவளில்லை. அவளை வெல்ல ஒரேயொரு ஆளால்தான் முடியும். அந்த ஆள் மூன்று மணிபோல அவள் அறைக்குள் வந்து, கட்டில் விளிம்பில் இருந்தாள்.

பிரியந்தினியின் கண்கள் சிவந்திருந்தன. சாரங்காவுக்கு உடனே மனம் இளகியது. யுத்தம் முடிந்து முகாமில் இருந்து வந்த வருடம், புதுக் காலோடு பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது, இரண்டு பேருடைய புத்தகப் பைகளையும் சுமந்தவள் இந்தச் சின்னவள்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. யாராவது பட்டம் சொல்லிக் கூப்பிட்டால் கல்லெடுத்து எறிவாள். அதற்காக அதிபரிடம் அடியும் வாங்கியிருக்கிறாள். அந்த நன்றி சாரங்காவின் மனதில் இன்றும் அப்படியே இருந்தது.

"அக்கா, இந்த ஒருக்கா மட்டும்," என்றாள் பிரியந்தினி. "நீ வாறதெண்டால் அண்ணா பயணத்தையே நிப்பாட்டிப்போடுவார். பேந்து அவையள் ஏன் எண்டு கேப்பினம். எழுத்து முடியட்டும். நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போறன். அந்த மூண்டு அருவியும் காட்டுறன்."

"நிஷாந்தனுக்கு என்னைப் பற்றித் தெரியுமோ?"

பிரியந்தினி கட்டில் விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். சொல்ல நேரம் வரவில்லை என்றாள்.

"மூண்டு வருசமாப் பழகினனி. மூண்டு வருசத்தில நேரம் வரேல்லையோ?"

அவள் அழுதாள். சாரங்காவுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் பிடிவாதத்தால் இவள் வாழ்க்கை தட்டுப்பட்டால் பிறகு எந்த அருவியைப் பார்த்து என்ன. தங்கையின் தலையைத் தடவிவிட்டு, சரி, நிற்கிறேன் என்றாள். சொன்னது சொன்னதுதான்.

அப்புத்துரைக்குப் போன் எடுத்து, சனிக்கிழமையே இருக்கட்டும் என்றபோது அவர் நன்றாகப் பேசிவிட்டார். இரண்டு நாளில் மூன்று தரம் முறை மாற்றுகிற குடும்பத்துக்கு வாய்க்கால் எதற்கு, கிணறு வெட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

ஐந்து மணிக்கு அவள் குசினியில் இருந்தாள். அட்டைக்கு உப்பை வெறுமனே கொண்டுபோனால் கரைந்து போகும் என்று, பழைய துணியில் உப்பும் சவர்க்காரத் தூளும் கலந்து சின்னச் சின்னப் பொட்டலிகளாகக் கட்டினாள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று. எட்டு முடிந்து ஒன்பதாவதைக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் போன் மேசையில் அடித்தது. வவுனியாவில் இருந்து நிஷாந்தனின் தாய்.

அம்மா குளிக்கப் போயிருப்பதாகச் சாரங்கா சொன்னாள். அக்கா தங்கைக்குக் குரல் ஒன்று. அங்கே இருந்தவர் பிரியந்தினி என்றே எண்ணிக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். நிற்பதாக ஒப்புக்கொண்ட பிறகு நான் யார் என்று எதற்குச் சொல்வது என்று சாரங்காவும் விட்டுவிட்டாள்.

நல்ல மனுசி. இடியப்பம் தாங்கள் கட்டுவதாகச் சொன்னார், சம்பலை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள் என்றார், வானில் தலைசுற்றிச் சத்தி வராமல் இருக்கத் தேசிக்காய் மணக்கச் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார்.

"இன்னொரு விசயம் பிள்ளை. அம்மாவிட்டை எப்பிடிக் கேக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை, நீ பக்குவமாச் சொல்லு. வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டில ஒரு படையல் படைச்சுப்போட்டு வெளிக்கிடுங்கோ. போறது காடும் தண்ணியும் உள்ள இடம். கலியாணம் காணாமச் செத்த பிள்ளை இருக்கிற வீடு. தங்கச்சிக்கு எழுத்து எழுத முதல் அந்தப் பிள்ளைக்கு ஒரு சீலை வச்சுக் கும்பிடோணும். எங்கட பகுதியில அப்பிடித்தான் வழக்கம். சீலையை நான் வாங்கி வச்சிருக்கிறன், நாளைக்கு நிஷாந்தனிட்டைக் குடுத்துவிடுறன்."

சாரங்காவின் கையில் பாதி கட்டிய பொட்டலி இருந்தது.

"எந்தப் பிள்ளைக்கு மாமி?"

"கொக்காவுக்குத்தான். சாரங்கா எண்டுதானே பேர்? நீ அண்டைக்கு நிஷாந்தனுக்குச் சொல்லிப்போட்டு அழுதனியாம், கடைசிச் சண்டையில ஒன்பது வயசில போனவா எண்டு. அதுக்குப் பிறகு நாங்கள் அந்தக் கதையே எடுக்கேல்லை. அங்க வந்த நேரமும் நான் அம்மாவைக் கேக்கேல்லை. பெத்த மனசை ஏன் நோகடிப்பான்."

இப்போது சாரங்காவுக்கு எல்லாம் விளங்கியது. அவர்கள் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்பதும் விளங்கியது. அண்ணன் அதைத் தன் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தான். யுத்தம் நடந்த இந்த வன்னியில் அந்த ஒரு பொய்க்கு மட்டும் சாட்சி தேவையில்லை. எந்த வீட்டில் ஒரு பிள்ளையைக் குறைத்துச் சொன்னாலும் கேட்கிறவர் தலைகுனிந்து நம்புவார், மேலே ஒன்றும் கேட்கமாட்டார். மரியாதையான சனம் அப்படித்தான் செய்யும். அண்ணன் பட்டியலில் பெயரைத்தான் விட்டான். அம்மா வாயைத்தான் மூடினாள். ஒரே பாயில் படுத்து, ஒரே கோப்பையில் சாப்பிட்ட இந்தச் சின்னவள் அவளைக் கொன்று, அழுது, காரியமும் முடித்திருக்கிறாள். மூன்று வருடமாக.

அவளுக்கு அழுகை வரவில்லை. வெறுப்பு வந்தது. தன் வாழ்நாளில் தங்கைமேல் அது வருவது இதுதான் முதல் தடவை என்பதும் அந்த நேரத்திலேயே அவளுக்குத் தெரிந்தது.

குசினி வாசலில் பிரியந்தினி வந்து நின்றாள். போன் யாரோடு என்று கண்ணால் கேட்டாள்.

"என்ன நிறச் சீலை மாமி?" என்றாள் சாரங்கா, தங்கையைப் பார்த்தபடி.

"மஞ்சள், பிள்ளை. சிவப்புக் கரை. குமர்ப்பிள்ளைக்கு எடுப்பா இருக்கும் எண்டு தேனுகாதான் தெரிஞ்செடுத்தவள்."

"நல்ல நிறம். அதை விளக்குக்கு முன்னால வைக்காதேங்கோ. குடுத்தும் விடாதேங்கோ. சனிக்கிழமை வானில வச்சு என்ர கையில தாங்கோ."

"ஓம், உன்னட்டைத் தரலாம். ஆனா அது கொக்காவுக்கெல்லோ பிள்ளை."

"நான் பிரியந்தினி இல்லை மாமி."

பிரியந்தினியின் முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கியது. வேண்டாம் என்று தலையாட்டினாள். இரண்டு கைகளையும் கூப்பினாள். வவுனியாவில் நிஷாந்தனின் தாய் யாரையோ அவசரமாகக் கூப்பிடுவது கேட்டது. போன் கைமாறியது.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?" இப்போது அது நிஷாந்தனின் குரல்.

சாரங்கா எழுந்து வாசல்வரைக்கும் நடந்தாள். போனைத் தங்கையின் கூப்பிய கைகளுக்குள் வைத்தாள்.

"இந்தா. நான் ஆர் எண்டு நீயே சொல்லு."